சீன சாஃப்ட்வேரில் மட்டும் எழுத்து ஏன் இவ்வளவு பொடிசாக இருக்கிறது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேசர் கட்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. மிஷினோடு வந்த சீன சாஃப்ட்வேர் பழைய கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் தெரிந்தது. புது லேப்டாப்பில் போட்டதும் மெனு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி ஆகிவிட்டது. விண்டோஸில் 150 சதவீதம் வைத்தால் பெரிதாகிறது, ஆனால் மங்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு மாற்றினால் பட்டனில் பாதி வார்த்தைதான் தெரிகிறது. மாற்ற வேண்டியது கண்ணாடியையா, லேப்டாப்பையா என்கிறார்.

ரெண்டையும் மாற்ற வேண்டாம். சென்னையில் பல வருஷம் சாஃப்ட்வேரை வேறு மொழிகளுக்கு மாற்றிச் சோதிக்கிற வேலை பார்த்தவன் நான். சீனம் படிக்கத் தெரியாது, ஆனால் சீன எழுத்து திரையில் எங்கெங்கே உடையும் என்பது ஓரளவு தெரியும். உங்கள் கேள்விக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எதுவும் சரியாக மாட்டேன் என்கிறது.

முதலில் அளவு. பழைய சீன விண்டோஸ் சாஃப்ட்வேர்களில் பெரும்பாலானவை 9 பாயின்ட் எழுத்தில் செய்யப்பட்டவை. பாயின்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. விண்டோஸ் கணக்கில் ஒரு அங்குலத்துக்கு 96 புள்ளி (பிக்சல்), ஆக 9 பாயின்ட் என்றால் சரியாக 12 புள்ளி உயரம். அந்தக் காலத்து 19 இஞ்ச் சதுர மானிட்டரில் (1280 க்கு 1024) அந்த 12 புள்ளி ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் இருக்கும், கண்ணுக்குப் போதும். அதே 12 புள்ளியை 14 இஞ்ச் ஃபுல் ஹெச்டி லேப்டாப்பில் வைத்தால் 2 மில்லிமீட்டர்கூடத் தேறாது. சாஃப்ட்வேர் மாறவில்லை, உங்கள் கண்ணும் ஒரே மாசத்தில் கெட்டுப்போகவில்லை. புள்ளிகள்தான் சின்னதாகிவிட்டன. புது லேப்டாப்பில் இதைச் சமாளிக்க விண்டோஸ் தானாகவே 125, 150 என்று வைத்திருக்கும். ஆனால் மிஷின் போட வருகிற ஆட்கள் பெரும்பாலும் செய்கிற முதல் காரியம் அதை 100க்கு இறக்குவதுதான், அப்போதுதான் அவர்கள் ஜன்னல் முழுசாகத் திரையில் அடங்கும். உங்களுடையதிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த மொழி சாஃப்ட்வேருக்கும் பொருந்தும். சீனத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு உறைக்கிறது என்பதுதான் சுவாரசியமான இடம்.

சீனத்தில் அளவு, எண்ணிக்கை என்பதற்கு லியாங் (量) என்று ஒரு எழுத்து இருக்கிறது. உங்கள் சாஃப்ட்வேரில் இது நிச்சயம் வரும், ஏனென்றால் எத்தனை துண்டு, எவ்வளவு காற்று, அளந்து பார் என்று எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லுக்குள் இந்த எழுத்து உட்கார்ந்திருக்கும். அதில் படுக்கைக் கோடுகளை மட்டும் மேலிருந்து எண்ணிப் பாருங்கள். மேலே ஒரு பெட்டியில் மூன்று, நடுவில் நீளமாக ஒன்று, கீழே இன்னொரு பெட்டியில் மூன்று, அதற்கும் கீழே இரண்டு, ஆக ஒன்பது. ஒன்பது கோடும் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் நடுவே எட்டு இடைவெளி வேண்டும். மொத்தம் 17 வரிசைப் புள்ளி. நம்மிடம் இருப்பதோ 12, அதிலும் பக்கத்து வரியோடு ஒட்டாமல் இருக்க ஒன்றை விட்டுவிட்டால் 11.

அப்புறம் எப்படித்தான் காட்டினார்கள்? ஏமாற்றினார்கள். கெட்ட அர்த்தத்தில் சொல்லவில்லை. சிம்சுன் என்கிற பழைய விண்டோஸ் எழுத்துருவுக்குள் (ஃபான்ட்), சின்ன அளவுகளுக்கென்று தனியாகப் புள்ளிப் படங்கள் வைத்திருந்தார்கள். 12 புள்ளியில் எந்தக் கோட்டை விட்டால் படிப்பவருக்கு உறுத்தாது என்று எழுத்து எழுத்தாகத் தீர்மானித்துச் செய்த படங்கள். சீனர்கள் ஒரு எழுத்தை அதன் மொத்த உருவத்தாலும் பக்கத்து எழுத்தின் துணையாலும் அடையாளம் காண்பதால் இரண்டு கோடு குறைந்தாலும் தடுக்கி விழ மாட்டார்கள். அந்த வேலைக்குப் பின்னால் இருக்கிற உழைப்பை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். 1980இல் வந்த சீனத் தர நிர்ணயத்திலேயே 6,763 எழுத்து இருந்தது. 16க்கு 16 புள்ளி என்று வைத்தால் ஒரு எழுத்துக்கு 32 பைட், அத்தனைக்கும் சேர்த்து இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் பைட். அன்றைய கம்ப்யூட்டரின் 640 கேபி நினைவகத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுத்துப் படங்களே விழுங்கிவிடும். அதனால்தான் எழுத்துகளைத் தனி அட்டையில் ஏற்றி கம்ப்யூட்டருக்குள் செருகினார்கள். நீ குவாங்நான் என்கிற பொறியாளர் உருவாக்கி 1985இல் வந்த அட்டை அதில் பிரபலம். லெனோவோ கம்பெனியின் சீனப் பெயரான லியன்ஷியாங், அந்த அட்டையின் பெயரிலிருந்து வந்ததுதான். உங்கள் புது லேப்டாப் எந்த பிராண்டோ தெரியாது, லெனோவோவாக இருந்தால் கதை முழு வட்டம் வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீன எழுத்துக்கு 12 புள்ளி என்பது வசதியான அளவே இல்லை, தாங்கக்கூடிய கடைசிப் படி அது. அதற்குக் கீழே இறங்கினால் பள்ளம்தான். இதை நான் அசிங்கப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஓஎம்ஆரில் வேலை பார்த்தபோது ஒரு வெளிநாட்டு கிளையன்டின் கணக்கு சாஃப்ட்வேரை சீனத்துக்கு மாற்றினோம். ஆங்கிலத்தில் அது 8 பாயின்ட், அதாவது 11 புள்ளி. ஆங்கிலத்துக்கு அது தாராளம், சிறிய எழுத்து ஒன்றுக்கு ஆறு புள்ளி உயரம் கிடைத்தாலே படித்துவிடலாம். மொழிபெயர்ப்பு வந்தது, அதே 8 பாயின்ட்டில் ஊற்றினோம், ஒவ்வொரு திரையாகத் திறந்து எழுத்து பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பார்த்து டிக் அடித்தோம். அடங்காமல் எங்கே போகும், சீனம்தான் சொல்லுக்கு இரண்டு எழுத்தில் முடிந்துவிடுகிறதே. ஆங்கிலத்தைவிட இது அழகாக இருக்கிறது என்றுகூட டீமில் பேசிக்கொண்டோம். ஷாங்காயில் இருந்த சரிபார்ப்பாளர் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத் திருப்பி அனுப்பினார், அதில் பாதிக்கு மேல் சிவப்பு வட்டம். அவருடைய எழுத்துருவில் 11 புள்ளிக்குத் தனிப் படம் கிடையாது. கம்ப்யூட்டரே பெரிய வடிவத்தைக் குத்துமதிப்பாகச் சுருக்கிப் போட்டிருந்தது, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் கறுப்புத் திட்டாகிவிட்டன. எங்கள் யாருக்கும் சீனம் படிக்கத் தெரியாததால் திட்டுக்கும் எழுத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இதைத் தமிழில் யோசித்துப் பார்த்தால் உடனே புரியும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று படித்து வந்தவர்கள் நாம். ரொம்பச் சின்ன எழுத்தில் ஒரு சுழி அடைபட்டால் மணமும் மனமும் ஒன்றாகிவிடும். சீனத்தில் "தான், தன்னை" என்பதற்கு ஒரு எழுத்து, "ஏற்கெனவே" என்பதற்கு ஒன்று, பாம்பு வருஷத்தைக் குறிக்க ஒன்று என மூன்று எழுத்துகள் உண்டு (己, 已, 巳). மூன்றுக்கும் உருவம் ஒன்றுதான், இடதுபக்க மூலை திறந்திருக்கிறதா, பாதி மூடியிருக்கிறதா, முழுக்க மூடியிருக்கிறதா என்பது மட்டும்தான் வித்தியாசம். 11 புள்ளியில் இதைக் கண்டுபிடிப்பதற்கு ஜோசியம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் 8ஐ 9 ஆக்கினோம். பெரும்பாலான திரைகள் தானாகவே பெரிதாகிச் சரியாக உட்கார்ந்துகொண்டன, ஏனென்றால் விண்டோஸின் உரையாடல் பெட்டிகளில் அகல உயரங்களை எழுத்தின் சராசரி அளவை வைத்தே கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. எவனோ ஒரு மகராசன் புள்ளிக் கணக்கில் நேரடியாக இடம் எழுதி வைத்திருந்த திரைகள் மட்டும் சிதறின, அவற்றைச் சரிசெய்யவே இரண்டு வாரம் போனது. கூகுள் குரோம்கூட இதைப் புரிந்துகொண்டு வெகுகாலம் ஒரு வேலி போட்டிருந்தது. சீனத்தில் வைத்த குரோமில், தளம் என்ன சொன்னாலும் எழுத்து 12 புள்ளிக்குக் கீழே இறங்காது. சீன வெப் டிசைனர்கள் அதைத் தாண்டக் குறுக்குவழி தேடித் தலையைப் பிய்த்துக்கொண்டதும் ஒரு தனிக் கதை. 2023இல் வந்த 118ஆம் பதிப்பில்தான் அந்த வேலியை எடுத்தார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது புகார், 150 வைத்தால் மங்குவது. உங்கள் சாஃப்ட்வேருக்கு இந்தப் பெரிதாக்கல் கணக்கு எதுவும் தெரியாது. தான் இன்னும் 96 புள்ளித் திரையில் இருப்பதாகவே நினைத்து வரைகிறது. விண்டோஸ் அதை ஒரு ஃபோட்டோ மாதிரி எடுத்து ஒன்றரை மடங்கு இழுக்கிறது. ஒரு புள்ளிக் கோடு ஒன்றரைப் புள்ளியாக முடியாது, அதனால் பக்கத்தில் சாம்பல் பூசிவிடும். ஆங்கில எழுத்தில் கோட்டுக்குக் கோடு இடம் இருப்பதால் இந்தச் சாம்பல் பெரிதாக உறுத்தாது. சீனத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே இருப்பதே ஒரு புள்ளி இடைவெளி, அதில் சாம்பல் நிரம்பினால் மொத்தமும் கஞ்சி. 200 வைத்துப் பாருங்கள், கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் படிக்கலாம். முழு மடங்கு என்பதால் ஒரு புள்ளி சரியாக நான்காகிறது.

மூன்றாவது, ஆங்கிலத்தில் பாதி வார்த்தை. இது வெறும் கூட்டல் கணக்கு. செட்டிங்ஸ் என்பதற்குச் சீனத்தில் இரண்டே எழுத்து, ஆளுக்கு 12 புள்ளி, மொத்தம் 24. ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. சிம்சுன் எழுத்துருவில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும், ஐ ஆனாலும் டபிள்யூ ஆனாலும், சீன எழுத்தில் சரிபாதி அகலம், 6 புள்ளி. மொத்தம் 48. பட்டனை அளந்து செய்தவர் 24க்குக் கொஞ்சம் விளிம்பு விட்டுச் செய்தார், நீங்கள் 48ஐத் திணிக்கிறீர்கள். அந்த ஆங்கிலம் ஒல்லியாக, டைப்ரைட்டரில் அடித்ததுபோல இடைவெளி விட்டு விட்டு அசிங்கமாகத் தெரிவதற்கும் அதே எழுத்துருதான் காரணம். சீனச் சரக்கு என்றாலே இப்படித்தான் என்று ரிச்சி தெருவில் சொல்வார்கள். சரக்கின் மேல் தப்பில்லை, மொழியை மாற்றியவர்கள் எழுத்துருவை மாற்றவில்லை, அவ்வளவுதான்.

சீனாவிலேயே வயதானவர்கள் இந்தப் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரியில் தொடங்கிய ஒரு திட்டத்தில் அவர்களுடைய தொழில், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் முதல் கட்டமாக 115 இணையதளங்களையும் 43 ஆப்களையும் முதியவர்களுக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னது. முதியோர் பதிப்பில் முக்கிய எழுத்து 18க்குக் குறையக்கூடாது, 30 வரை பெரிதாக்க வழி இருக்க வேண்டும் என்று விதி. ஆனால் அது செல்ஃபோன் ஆப்புக்கும் இணையதளத்துக்கும்தான். பட்டறை மிஷின் சாஃப்ட்வேர் பக்கம் எந்தக் காற்றும் அடிக்கவில்லை, அதனால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் செய்து பார்க்க வேண்டியது, காசு செலவில்லாதது. விண்டோஸ் பெரிதாக்கலை 150க்கே திருப்பி வையுங்கள். சாஃப்ட்வேரின் ஐகான் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் ஹை டிபிஐ செட்டிங்ஸை மாற்றும் பட்டன். திறக்கும் பெட்டியில் கடைசியாக ஓவர்ரைடு என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டு, கீழே உள்ள பட்டியலில் சிஸ்டம் என்ஹேன்ஸ்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2017இல் விண்டோஸ் 10க்கு வந்த வசதி இது. ஃபோட்டோவை இழுப்பதற்குப் பதிலாக எழுத்தையும் கோடுகளையும் பெரிய அளவில் புதிதாக வரையச் சொல்லும். பழைய முறையில் வரைகிற சாஃப்ட்வேராக இருந்தால், மிஷின் சாஃப்ட்வேர்களில் பல அப்படித்தான், பளிச்சென்று தெரியும். ஐகான் படங்கள் மட்டும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும், விட்டுத்தள்ளுங்கள். வெட்டும் டிசைன் தெரிகிற இடம் கோணலானால் அல்லது மௌஸ் ஓரிடம், கோடு ஓரிடம் என்றானால் உடனே டிக்கை எடுத்துவிட வேண்டும். மிஷின் ஓடும்போது இந்தப் பரிசோதனை வேண்டாம், டிசைனைத் திறந்து சும்மா வரைந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

அது வேலைக்கு ஆகவில்லை என்றால் ஒரு 24 இஞ்ச் ஃபுல் ஹெச்டி மானிட்டரை லேப்டாப்பில் மாட்டி, அதை மட்டும் 100இல் வையுங்கள். 12 புள்ளி அதில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வரும், பழைய கம்ப்யூட்டரில் பார்த்த அதே சுகம். 4கே மானிட்டர் வாங்கிவிடாதீர்கள், கடைக்காரர் அதைத்தான் தள்ளப் பார்ப்பார். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ரெசல்யூஷனைச் சரிபாதியாக, 1920க்கு 1080 ஆக வையுங்கள், இடைப்பட்ட எதையும் வைக்க வேண்டாம்.

அப்புறம், யூடியூபில் இரண்டு வைத்தியம் சுற்றுகிறது, இரண்டிலும் ஜாக்கிரதை. ஒன்று, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் சிம்சுனுக்குப் பதில் மைக்ரோசாஃப்ட் யாஹெய் எழுத்துருவை மாட்டுவது. யாஹெய் நல்ல எழுத்துரு, விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது, வழவழப்பாகத் தெரியும். ஆனால் அதற்கு எழுத்தளவைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரி உயரம் வேண்டும். 12 புள்ளிக்கென்று இறுக்கமாகக் கட்டின பெட்டியில் போட்டால் அடிப்பாகம் வெட்டுப்படும். நம் ஊர் பழைய ஆப்களில் தமிழைப் போட்டதும் கூ, மூ எல்லாம் கால் இழந்து நிற்குமே, அதே கூத்து. மைக்ரோசாஃப்டே பிறகு விண்டோஸ் 8இல் யாஹெய் யூஐ என்று வரி உயரம் குறைத்த ஒன்றைத் தனியாகக் கொடுத்தது. மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதை மாட்டுங்கள், ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துக்கொண்டு.

இரண்டாவது வைத்தியம் இன்னும் ஆபத்து. யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்து எண் முறை) அல்லாத புரோகிராம்களுக்கான மொழியைச் சீனமாக மாற்றச் சொல்வார்கள். உங்களுக்கு எழுத்து சின்னதாகத் தெரிகிறது, கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ தெரியவில்லையே, அப்படியிருக்க அதைத் தொடவே தேவையில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். அந்த ஒரு மாற்றம் அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள எல்லாப் பழைய புரோகிராமையும் பாதிக்கும், பலவற்றின் எழுத்துருவே சிம்சுனாகிவிடும். அதைவிட மோசம் தமிழ் டிடிபி. லேசர் கட்டிங் செய்கிறவர் பெயர்ப்பலகையும் வெட்டுவீர்கள், டாம், டாப் வகைப் பழைய தமிழ் எழுத்துருவில் கோப்புகள் வைத்திருப்பீர்கள். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு, அந்த எழுத்துருக்களில் பல தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட எண்களில் உட்கார்ந்திருக்கின்றன. சீன முறை அந்த எண்ணைப் பார்த்ததும் இது சீன எழுத்தின் முதல் பாதி என்று எடுத்துக்கொண்டு பக்கத்து எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். திருமண மண்டபம் என்று அடித்த பலகை சீன மந்திரமாகிவிடும். ஒரு புரோகிராமுக்கு மட்டும் மொழியை மாற்ற லோக்கேல் எமுலேட்டர் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, கிறுக்கல் பிரச்சினை வந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஆங்கிலப் பட்டன் வெட்டுப்படுவதற்குச் சில சமயம் சுலபமான வழி உண்டு. சாஃப்ட்வேர் போல்டரில் மொழிக்கென்று ஒரு சின்ன கோப்பு இருக்கிறதா பாருங்கள், நோட்பேடில் திறந்தால் வரிவரியாக மெனுச் சொற்கள் தெரியும். நீளமான சொல்லை நீங்களே சுருக்கி எழுதிக்கொள்ளலாம், எழுத்துரு பெயரும் அளவும்கூட அதில் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் நகல் எடுத்துவிட்டுத் தொடுங்கள். இப்போதைய நோட்பேடில் புதிதாக ஒரு கோப்பு எழுதிச் சேமித்தால் அது யூடிஎஃப் 8 என்கிற யூனிகோடு முறையில்தான் போகும், உங்கள் சாஃப்ட்வேர் எதிர்பார்ப்பதோ பழைய சீன முறையாக இருக்கலாம். அதனால் இருக்கிற கோப்பையே திறந்து திருத்துங்கள், சேமிக்கும்போது கீழே காட்டுகிற என்கோடிங்கை, அதாவது எழுத்து எண் முறையை, மாற்றாதீர்கள். ஆங்கில வரிகளை மட்டும் தொட்டால் பொதுவாகப் பிரச்சினை வராது.

கடைசியாக, ஃபோன் கேமராவை மெனுவுக்கு நேராகப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் நிறைய உண்டு. அது தப்புத் தப்பாகச் சொன்னால் ஆப்பைத் திட்டாதீர்கள். 12 புள்ளியில் கோடு விடுபட்ட எழுத்தை, மங்கலாக இழுத்து, திரையின் கட்டங்களோடு சேர்த்துப் படம் பிடித்துக் கொடுத்தால் அது என்னதான் செய்யும். பெரிதாக்கலை 100க்குக் கொண்டுவந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தைச் சரியாக இரண்டு அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கிக் கொடுங்கள். பவர் எது, வேகம் எது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டிவிட்டால் ஆபரேட்டர் பையனுக்கும் உதவும்.